குளுக்கோஸ் சோதனைத் தாள்: நிறம் ஓரத்தில் மட்டும் திரள்கிறது

கேள்வி: வாட்மன் 1 வடிதாளில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ், பெராக்சிடேஸ் என்ற இரு நொதிகள், பொட்டாசியம் அயோடைடு. குளுக்கோஸ் பட்டால் அயோடைடு பழுப்பு நிற அயோடினாக மாற வேண்டும். மாதிரி 10 மைக்ரோலிட்டர் விட்டால் 5 மி.மீ. வட்டத்தின் விளிம்பில்தான் பழுப்பு ஏறுகிறது, நடுப்பகுதி வெளுப்பு. சில நாளில் தாளே மஞ்சளாகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: அளவுதான் பிரச்சினை. தாளின் தடிமன் 0.18 மி.மீ.; அந்த வட்டம் சுமார் 2.5 மைக்ரோலிட்டர்தான் கொள்ளும். மிச்ச நீர் அயோடினை ஓரத்துக்குத் தள்ளிவிடும். கைட்டோசன் (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் பாலிமர்) முன்பூச்சு கொடுத்தால் நொதி இடம்பெயராது.

பதில் 2: முதலில் 0.6 மோலார் அயோடைடு. நன்றாகக் காய்ந்தபின் 0.3 மோலார் டிரெஹலோஸ் (உலரும்போது நொதியைக் காக்கும் சர்க்கரை) சேர்த்த நொதிக் கரைசல். சூடான காற்றில் உலர்த்தவே வேண்டாம், நொதி செத்துவிடும்.

பதில் 3: மஞ்சளுக்குக் காரணம் வெளிச்சமும் காற்றும். சிலிக்கா ஜெல்லோடு அலுமினியப் பையில் மூடி 4 டிகிரியில் வையுங்கள். மாதிரியில் வைட்டமின் சி இருந்தால் கவனம்: அயோடினைத் திரும்ப அயோடைடாக்கி, குளுக்கோஸைக் குறைத்துக் காட்டும்.