டிமினிஷ்டு கார்டு என் கையில் மட்டும் ஏன் பேய்ப்படம் ஆகிறது?

ஞாயிறு கிட்டார்:

வணக்கம். நாகர்கோவில் பக்கம் ஒரு தேவாலயப் பாடகர் குழுவில் நான்கு ஆண்டுகளாகக் கிட்டார் வாசிக்கிறேன். யாரிடமும் முறையாகக் கற்கவில்லை. திறந்த கார்டுகள், பாரே கார்டுகள், செவன்த் வரை சமாளிப்பேன்.

எங்கள் கீபோர்டு ஐயாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. பாமாலைப் பாட்டுகளில் கடைசி வரிக்குச் சற்று முன், எஃப் கார்டிலிருந்து சி கார்டுக்குத் திரும்பும் வழியில், நடுவில் ஒன்றைத் தொட்டுவிட்டுப் போவார். கண் இமைக்கும் நேரம்தான். ஆனால் அந்த இடம் வந்தால் சபையே கொஞ்சம் குரலை உயர்த்திப் பாடுகிறது. என்ன அது என்று கேட்டேன். "எஃப் ஷார்ப் டிமினிஷ்டு, தம்பி" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து கார்டு புத்தகத்தைப் புரட்டினேன். நான்காம் கம்பி முதல் ஒன்றாம் கம்பி வரை எந்த ஃபிரெட்டில் (கிட்டார் கழுத்தின் கட்டத்தில்) விரல் வைப்பது என்று 1-2-1-2 எனப் படம் போட்டிருந்தது. பழகிக்கொண்டு போன ஞாயிறு வாசித்தேன். ஆல்டோவில் (பெண்களின் கீழ்க்குரல் வரிசையில்) நிற்கும் அக்கா பாட்டை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். பாழடைந்த பங்களாவின் கதவு திறப்பதுபோல் இருந்தது. ஐயா வாசித்தால் பரலோகம், நான் வாசித்தால் பங்களா. கார்டு ஒன்றுதானே?

ஆறாம் கம்பி:

தம்பி, நீங்கள் பிடித்தது சரிதான். நான்காம் கம்பியிலிருந்து டி ஷார்ப், ஏ, சி, எஃப் ஷார்ப். சந்தேகமே இல்லாமல் எஃப் ஷார்ப் டிமினிஷ்டு செவன்த்; மூன்று மூன்று அரைப்படி (ஒரு அரைப்படி ஒரு ஃபிரெட்) இடைவெளியில் அமைந்த நான்கு சுரம். இரண்டு கேள்விக்கு மட்டும் மறைக்காமல் பதில் சொல்லுங்கள். ஆறு கம்பியையும் சேர்த்து அடித்தீர்களா? எத்தனை தட்டு பிடித்திருந்தீர்கள்?

ஞாயிறு கிட்டார்:

ஆறையும்தான் அடித்தேன், ஐயா. நான்கு தட்டு. ஒரு பார் (ஒரு தாளச் சுற்று) முழுக்க.

ஆறாம் கம்பி:

அப்படியென்றால் அந்த அக்கா திரும்பிப் பார்த்ததில் தப்பில்லை.

முதலில் கீழிருந்து வருவோம். திறந்த ஐந்தாம் கம்பி ஏ. அது கார்டுக்குள் இருக்கும் சுரம், தப்பித்தீர்கள். திறந்த ஆறாம் கம்பி இ. அதற்கு அங்கே வேலையே இல்லை. அடுத்த ஞாயிறு ஐயாவின் இடது கைச் சுண்டுவிரலை மட்டும் பாருங்கள். எஃப், எஃப் ஷார்ப், ஜி என்று ஒவ்வொரு படியாக ஏறும். அந்த விஷயத்தில் பாதி அழகு அந்த ஏற்றத்தில்தான் இருக்கிறது. சபை குரலை உயர்த்துவதும் அதனால்தான் என்பது என் எண்ணம்; காலடியில் தரை மேலே போகிறது, அவர்களும் கூடப் போகிறார்கள். உங்கள் கிட்டாரில் என்ன நடந்தது? எஃப்பிலிருந்து ஏற வேண்டிய அடிக்குரல் இ என்ற பள்ளத்தில் விழுந்தது. மாடிப்படியில் கால் தவறியது போல.

கார்டு புத்தகங்களின் மேல் எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு. கார்டின் பெயரைச் சொல்லும், படம் போடும், அதற்கு முன்னால் என்ன வந்தது, பின்னால் எங்கே போகிறது என்று ஒரு வரி எழுதாது. டிமினிஷ்டுக்கு அந்த ஒரு வரிதான் வேண்டும்.

இதை வாசித்துப் பாருங்கள். ஐந்தாம் கம்பியும் முதல் கம்பியும் மூன்று கார்டிலும் ஊமை.

எஃப்: ஆறாம் கம்பியில் 1, நான்கில் 3, மூன்றில் 2, இரண்டில் 1.

எஃப் ஷார்ப் டிமினிஷ்டு: ஆறில் 2, நான்கில் 1, மூன்றில் 2, இரண்டில் 1.

ஜியைக் கீழே வைத்த சி: ஆறில் 3, நான்கில் 2, மூன்றாம் கம்பி திறந்தபடி, இரண்டில் 1.

நடுக் கார்டுக்கு ஆள்காட்டி விரலை நான்கு, மூன்று, இரண்டாம் கம்பிகளின் மேல் முதல் ஃபிரெட்டில் படுக்க வையுங்கள். மோதிர விரல் மூன்றாம் கம்பிக்கு. நடுவிரல் ஆறாம் கம்பிக்கு. அதன் நுனியே ஐந்தாம் கம்பியைத் தொட்டு அடக்கிவிடும். பிளெக்ட்ரம் வேண்டாம். கட்டைவிரலால் அடிக்கம்பி, மூன்று விரலால் மற்ற மூன்று கம்பிகள், நான்கையும் சேர்த்துக் கிள்ளுங்கள்.

இப்போது ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டாம் கம்பியில் சி. மூன்று கார்டிலும் அசையவே இல்லை. மூன்றாம் கம்பியில் ஏ, ஏ, ஜி. ஆறாம் கம்பி ஏறுகிறது. நான்காம் கம்பியை மட்டும் தனியாகப் பத்து முறை வாசியுங்கள்: எஃப், டி ஷார்ப், இ. கொஞ்சம் கூடுதலாக இறங்கிவிட்டு, அரைப்படி திரும்பி வந்து இ சுரத்தில் உட்கார்கிறது. அந்த டி ஷார்ப்தான் நீங்கள் தேடிய பரலோகம். நால்வர் பாடினால் எப்படி நகர்வார்களோ அப்படி நான்கு கம்பியும் நகர வேண்டும். உங்கள் 1-2-1-2 பிடியில் கை கழுத்தில் தாவிப் போய்விட்டுத் தாவி வந்தது. யாரும் யாரிடமிருந்தும் எங்கும் நகரவில்லை.

அடுத்தது நேரம். ஒரு தட்டு, மிஞ்சினால் இரண்டு. மூன்று தட்டுப் பாட்டானால் மூன்றாம் தட்டில் வைத்துவிட்டு அடுத்த பாரின் முதல் தட்டில் சி வந்து நிற்கட்டும். நான்கு தட்டும் அதிலேயே நின்றால் கேட்பவர் வீட்டுத் திண்ணையைத் தேட ஆரம்பித்துவிடுவார். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 1987இல் மதுரையில் ஒரு கல்யாண வரவேற்பு. மெல்லிசைக் குழுவில் நான் ரிதம் கிட்டார். புதிதாகக் கற்ற கர்வம், சரணத்துக்கு முன் வந்த இடையிசையில் ஒரு டிமினிஷ்டைப் பிடித்து மூன்று மூன்று ஃபிரெட்டாக மேலே ஏற்றிக்கொண்டே போனேன். எங்கே ஏற்றினாலும் அதே நான்கு சுரம், அதனால் எல்லா இடமும் வீடு போலவே கேட்டது. பாடகர் பாவம், நான் கடைசியாக நின்ற இடத்தை நம்பி, மூன்று அரைப்படி மேலே சரணத்தை எடுத்துவிட்டார். முழுக் குழுவும் அவரைத் துரத்திக்கொண்டு ஓடியது. அன்றைக்கு எனக்குச் சாப்பாட்டுப் பந்தியில் யாரும் பக்கத்தில் உட்காரவில்லை.

டெனார் மூலை:

பங்களா என்று நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அந்தக் கார்டுக்கு அந்த முகமும் உண்டு. யோஹான் செபாஸ்டியன் பாக்கின் மத்தேயு பாடுகள் என்ற இசைப்படைப்பில், யாரை விடுதலை செய்ய வேண்டும் என்று பிலாத்து கேட்கும் இடம். கூட்டம் "பரபாஸ்" என்று ஒரே சொல்லில் அலறும். அந்த அலறல் ஒரு டிமினிஷ்டு செவன்த்தான். தேவாலயத்துக்குள்ளேயே இரண்டு வேலைக்கும் பழகிய கார்டு அது. எந்த வேலையைக் கொடுக்கிறீர்கள் என்பது உங்கள் பாடு.

வீணையிலிருந்து வந்தவள்:

ஆறாம் கம்பி ஐயா சொன்ன கல்யாணக் கதைக்கு என் பக்கத்திலிருந்து ஒரு விளக்கம். பத்து வருடம் வீணை கற்றுவிட்டுக் கிட்டாருக்கு வந்தவள் நான்; சுரத்தில் சொன்னால்தான் எனக்கே புரியும்.

ஷட்ஜம், சாதாரண காந்தாரம், பிரதி மத்திமம், சதுச்ருதி தைவதம். பன்னிரண்டு சுரஸ்தானங்களை மூன்று மூன்றாகத் தாண்டினால் இந்த நான்கும் வரும். மோகனத்தில் ஷட்ஜத்தை ரிஷபத்துக்கு மாற்றினால் மத்தியமாவதி பிறக்கும். இப்படி ஷட்ஜத்தை இடம் மாற்றும் கிரகபேதம் செய்தால் முகம் மாற வேண்டும் அல்லவா? இந்த நான்கில் எதை ஷட்ஜமாக வைத்தாலும் மறுபடி இதே நான்குதான். எது வீடு என்று காதுக்குச் சொல்ல ஒரு தடயமும் இல்லை. பாடகர் தடம் மாறியதில் வியப்பே இல்லை. இதனால்தான் மொத்தமே மூன்று டிமினிஷ்டு செவன்த்கள்தாம் இருக்கின்றன. நான்காவதைத் தேடினால் முதலாவதே திரும்பி வரும்.

கீரவாணி தெரிந்தவர்களுக்கு இது அந்நியமும் இல்லை. ஏ சுரத்தை ஷட்ஜமாக வைத்துக் கீரவாணியில் நி, ரி, ம, த என்று ஒன்றுவிட்டு ஒன்றாக எடுங்கள்: ஜி ஷார்ப், பி, டி, எஃப். ஜி ஷார்ப் டிமினிஷ்டு. சா, பா இரண்டும் இல்லாத பிடி. ஏ மைனர் பாட்டில் அது ஷட்ஜத்துக்கு ஏங்கிக்கொண்டு நிற்பதன் காரணம் அதுதான். ஒரு எச்சரிக்கை: சுருதிப் பெட்டி பின்னால் ஓடும்போது இதை வாசிக்காதீர்கள். சாவும் பாவும் விடாமல் ஒலிக்க, அவற்றை விட்டு ஓடும் கார்டு மேலே நின்றால் இரண்டும் முட்டிக்கொள்ளும். நான் முட்டவிட்டுப் பார்த்தேன், எங்கள் அம்மா பெட்டியை அணைத்துவிட்டார்.

சும்மா ஒரு கருத்து:

இத்தனை பாடு எதற்கு? அந்த இடத்தில் எஃப் ஷார்ப்பை அடியில் வைத்து டி செவன்த் போட்டால் போதாதா? நான் இருபது வருடமாக அப்படித்தான் வாசிக்கிறேன். ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை.

ஆறாம் கம்பி:

போதும். நல்ல கார்டு. இன்னும் சொல்லப்போனால் இரண்டுக்கும் ஒரு விரல்தான் வித்தியாசம்: நான்காம் கம்பியின் முதல் ஃபிரெட்டை விட்டுத் திறந்த கம்பியாக்கினால் டி ஷார்ப், டி ஆகிவிடும், உங்கள் டி செவன்த் வந்துவிடும். அது வெயில் அடித்தது போலத் திறந்து கேட்கும், டிமினிஷ்டில் ஒரு மேகம் உண்டு. இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்துப் பாட்டின் சொல்லைப் பார்த்து முடிவு செய்யலாம்.

தற்செயலாக நீங்கள் தொட்டது பெரிய விஷயம். டிமினிஷ்டு செவன்த்தின் எந்தச் சுரத்தையும் ஒரு அரைப்படி இறக்குங்கள், இறக்கிய சுரத்தின் பெயரில் ஒரு டாமினன்ட் செவன்த், அதாவது வீட்டுக் கார்டுக்கு இழுத்துச் செல்லும் கார்டு, பிறக்கும். தம்பி, இதைக் கையில் பாருங்கள். நான்காம் கம்பியிலிருந்து 0-1-0-1. டி, ஜி ஷார்ப், பி, எஃப். மூன்றாம் கம்பியிலிருக்கும் விரலை எடுங்கள்: 0-0-0-1. ஜி செவன்த். சி கார்டுக்குப் போகலாம். மறுபடி 0-1-0-1. இம்முறை முதல் கம்பியின் விரலை எடுங்கள்: 0-1-0-0. இ செவன்த். ஏ மைனருக்குப் போகலாம். ஒரு விரலைத் தூக்கினால் மேஜர் வீடு, இன்னொரு விரலைத் தூக்கினால் மைனர் வீடு. இது தெரிந்த பிறகு நான் டிமினிஷ்டைத் தனிக் கார்டாக நினைப்பதையே விட்டுவிட்டேன். அடியைக் காட்டாமல் வரும் டாமினன்ட், அவ்வளவுதான்.

எழுத்தில் ஒரு குழப்பம் வரும். கார்டின் பெயருக்குப் பக்கத்தில் சிறு வட்டம் போட்டிருந்தால் டிமினிஷ்டு. வட்டத்தின் குறுக்கே கோடு இருந்தால் அரை டிமினிஷ்டு, வேறு கார்டு. பி சுரத்தில் ஐந்தாம் கம்பியிலிருந்து இரண்டாம் கம்பி வரை 2-3-1-3 முழுசு, 2-3-2-3 அரை. ஒரு ஃபிரெட்தான், ஆனால் அரை டிமினிஷ்டை மூன்று ஃபிரெட் நகர்த்தினால் அதே சுரங்கள் வராது.

ஞாயிறு கிட்டார்:

நன்றி சொல்ல வந்தேன். வெள்ளிக்கிழமை ஒத்திகையில் கட்டைவிரலால் மெதுவாக வாசித்தேன். ஆல்டோ அக்கா திரும்பவில்லை. நேற்று ஆராதனையில் இரண்டாம் சரணத்தில் ஐயா கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். மூன்றாம் சரணத்தில் அந்த இடம் வந்தபோது இடது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். எஃப், எஃப் ஷார்ப், ஜி மூன்றும் கிட்டாரிலிருந்து மட்டுமே வந்தது. கை நடுங்கியது, ஆனால் விழவில்லை.

முடிந்து வெளியே வரும்போது, "சி விட்டு டி மைனர் போறப்போ ஒண்ணு இருக்கு, கண்டுபிடி" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

ஆறாம் கம்பி:

அவர் விடையைச் சொல்லாமல் போனது சரி. நான் அவ்வளவு பொறுமைசாலி இல்லை. ஐந்தாம் கம்பியிலிருந்து இரண்டு வரை: சி 3-5-5-5, நடுவில் 4-5-3-5, டி மைனர் 5-7-7-6. நடுவில் இருப்பதன் பெயரை நீங்களே எழுதுங்கள். எந்தெந்தக் கம்பி அசையாமல் நிற்கிறது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.