பிறந்த குழந்தைக்கு முதல் மூன்று மாதத் துணி: எது நல்லது, எத்தனை வேண்டும்?

கரூர்ப்பெண் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு முதல் குழந்தை, 33 வாரம் முடிந்திருக்கிறது. வளைகாப்பு முடிந்து கரூரில் அம்மா வீட்டில் இருக்கிறேன். மே முதல் வாரம் தேதி கொடுத்திருக்கிறார்கள், சரியாக அக்னி நட்சத்திர வெயிலில்.

போன வாரம் அண்ணியுடன் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன். பெட்டியில் அடுக்கிய கிஃப்ட் செட் ஒன்றைக் காட்டினார்கள், 1,450 ரூபாய். இரண்டு சட்டை, ஒரு பேன்ட், தொப்பி, கையுறை, காலுறை, சின்னப் போர்வை. தொட்டால் மெத்தென்று இருந்தது. ஆனால் என்ன துணி என்று கேட்டால் "பேபி காட்டன்மா" என்பதற்கு மேல் பதில் வரவில்லை, லேபிளிலும் ஒன்றும் இல்லை. வாங்காமல் வந்துவிட்டோம்.

எல்லாம் சேர்த்து 2,500 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும். உண்மையில் எது தேவை, எத்தனை தேவை? துணி நல்லதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இன்னொன்று, பிள்ளை பிறப்பதற்கு முன்னால் புதுத்துணி வீட்டுக்குள் வரக்கூடாது என்கிறார் அம்மா. அவர் மனதும் நோகக்கூடாது, கடைசி நேரத்தில் கிடைத்ததை வாங்கி அவதிப்படவும் கூடாது.

ஈரோட்டு அக்கா:

தங்கச்சி, அந்தப் பெட்டியை விட்டுவிட்டு வந்தது ரொம்ப நல்லது. என் மூத்தவனுக்கு அப்படி மூன்று பெட்டி அன்பளிப்பாக வந்தது. சட்டை எல்லாம் தலைவழியாக மாட்டுவது. பிறந்த பிள்ளைக்குக் கழுத்து நிற்காது, தலையைத் தாங்கிக்கொண்டு கையை நுழைப்பதற்குள் பிள்ளை வீறிட்டு அழும், நமக்குத் தையல் வலி வேறு. ஒன்றைக்கூட நிம்மதியாகப் போடவில்லை.

ஜப்லாதான் உங்களுக்கு வேண்டியது. முன்பக்கம் திறந்து, பக்கவாட்டில் நாடா கட்டுகிற மாதிரி. முதுகுப்பக்கம் முடிச்சு வருவதை வாங்காதீர்கள், பிள்ளை நாள் முழுக்க மல்லாந்து கிடக்கும், முடிச்சு உறுத்தும். கழுத்தில் நீளமான நாடா இருந்தாலும் வேண்டாம். எட்டு ஜப்லா போதும், பத்து இருந்தால் தாராளம். நியூபார்ன் அளவில் நாலு, 0–3 மாத அளவில் மீதி. மூன்று கிலோ பிள்ளை ஒரு மாதத்தில் எப்படி வளரும் என்று பார்க்கத்தானே போகிறீர்கள்.

காசை நாப்பித் துணியில் போடுங்கள். ஒரு வாரம் ஆன பிறகு தாய்ப்பால் சரியாகக் குடிக்கிற பிள்ளை ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போகும், பல பிள்ளைகள் பத்தைத் தாண்டும், மலம் தனி. இருபது, இருபத்தைந்து துணி இல்லாமல் முடியாது. அவ்வளவையும் கடையில் வாங்கவும் வேண்டாம். அப்பாவின் பழைய நூல் வேட்டி இரண்டு இருக்கிறதா? நூறு தடவை துவைத்த வேட்டியின் மென்மை எந்தப் புதுத்துணிக்கும் கிடையாது. சதுரமாகக் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்து, வெந்நீரில் அலசி நல்ல வெயிலில் உலர்த்தி வையுங்கள். பாலியஸ்டர் கலந்த வேட்டி மட்டும் வேண்டாம், ஈரம் இழுக்காது.

அம்மாவின் கவலைக்கும் இதிலேயே வழி இருக்கிறது. முதல் நாட்களுக்குப் பெரியவர்களின் பழைய துணியில் பிள்ளையைச் சுற்றுவது நம் வீடுகளில் காலம் காலமாக இருக்கும் வழக்கம். அதை அவரே தைத்துத் தரட்டும், சந்தோஷப்படுவார். ஜப்லாக்களை உங்கள் அண்ணி வாங்கித் துவைத்து அவர் வீட்டிலேயே வைத்திருக்கட்டும். பிறந்த அன்று கொண்டுவந்தால் போயிற்று.

டவலுக்குக் கரூரை விட்டு எங்கேயும் போக வேண்டாம். உங்கள் ஊர்தானே பெட்ஷீட்டும் டவலும் ஏற்றுமதி செய்கிற ஊர். ஏற்றுமதியில் மிஞ்சியதை விற்கிற சர்ப்ளஸ் கடையில் மெல்லிய காட்டன் டவலாகப் பார்த்து மூன்று எடுங்கள்.

பனியன் கம்பெனி செக்கிங்:

திருப்பூரில் பதினோரு வருடமாக செக்கிங்கில் வேலை பார்க்கிறேன், பாதி நாள் குழந்தைத் துணிதான் கையில். அதனால் துணியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கடையில் தொட்டுப் பார்க்கிற மெத்தென்ற உணர்வை நம்பாதீர்கள். கடைசியாக சாஃப்ட்னர் ஏற்றினால் சுமாரான துணியும் வெண்ணெய் மாதிரி இருக்கும், துவைக்கத் துவைக்க அது போய்விடும். அதற்குப் பதில் உள்பக்கத்தைத் திருப்புங்கள். ஓரத்தைச் சுற்றிப் போடுகிற ஓவர்லாக் தையல் தடித்துப் பிளாஸ்டிக் நூல் மாதிரி நெருடினால் வைத்துவிடுங்கள். இரண்டு கையாலும் லேசாக இழுத்து விட்டுப் பாருங்கள், பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நூல் சீராகத் தெரிய வேண்டும், திட்டுத்திட்டாக இருந்தால் சீக்கிரம் ஓட்டை விழும். பிரஸ் பட்டன் உள்ள துணியென்றால் ஒவ்வொன்றையும் நன்றாக இழுத்துப் பாருங்கள், பட்டனைச் சுற்றித் துணி கிழிய ஆரம்பித்திருந்தால் அது கழன்று பிள்ளை வாய்க்குப் போகும். நாங்கள் அதற்காகவே எத்தனையோ பீஸைத் திருப்பி அனுப்புகிறோம்.

வெயில் காலத்துக்கு சிங்கிள் ஜெர்சி என்கிற மெல்லிய பனியன் துணி, 140 முதல் 160 ஜிஎஸ்எம் வரை (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு). காற்றோட்டமாக இருக்கும், சீக்கிரம் காயும். இன்டர்லாக் இன்னும் கொஞ்சம் கனம், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழவழப்பு, அதை மார்கழிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மார்புப் பக்கம் தடித்த ரப்பர் பிரிண்ட் இருப்பது வேண்டாம், அந்த இடத்தில் காற்றே போகாது. வெள்ளை அல்லது வெளிர் நிறம் நல்லது.

காட்டனா என்று சந்தேகம் இருந்தால் வீட்டில் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, பிள்ளைத் துணியை விட்டுத் தள்ளிப் போய்க் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கறுத்து உருண்டையாக நிற்கும். லேபிளில் ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்று இருந்து, அதில் முதல் வகுப்பு என்றால் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான சோதனையில் தேறியது என்று அர்த்தம். விலை கூடுதல்தான், அது இல்லாததெல்லாம் மோசம் என்று இல்லை.

உங்கள் வீட்டில் யாராவது இந்தப் பக்கம் வந்தால் ரயில் நிலையம் பக்கத்தில் பனியன் துணிக் கடைகள் இருக்கிற காதர்பேட்டையில் பார்க்கச் சொல்லுங்கள். சர்ப்ளஸ் பீஸில் சின்னக் குறை இருக்கலாம், அதனால் ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

வார்டு சிஸ்டர்:

பிரசவ வார்டு செவிலியர். மேலே சொன்னதெல்லாம் சரி, சில விஷயங்கள் விட்டுப்போயின.

பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்த துணியை, பழைய வேட்டியோ சேலையோ, அப்படியே எடுத்துப் பிள்ளைக்குச் சுற்றாதீர்கள். இதை ரொம்ப அழுத்திச் சொல்கிறேன். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு அந்த உருண்டையில் உள்ள நாப்தலீன் சிவப்பணுக்களை உடைத்து, மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கிவிடும். நம் பிள்ளைக்கு அந்தக் குறை இருக்கிறதா என்பது முன்கூட்டித் தெரியாது. வேறு துணி எடுத்துக்கொள்வதே நல்லது.

கையுறை, காலுறையை உள்பக்கம் திருப்பிப் பிசிர் நூலை வெட்டுங்கள். ஒரு நூலோ தலைமுடியோ விரலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டமே நின்றுவிடும். தொப்புள் கொடி விழும் வரை நாப்பியைத் தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்டுங்கள், ஊக்கு வேண்டாம்.

மே மாதத்தில் வீட்டுக்குள் ஒரு ஜப்லா, ஒரு நாப்பி, மெல்லிய துணி, அவ்வளவே போதும். கழுத்துக்குப் பின்னால் தொட்டுப் பாருங்கள், வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள். எடை 2.5 கிலோவுக்குக் குறைவாகவோ குறைமாதத்திலோ பிறந்தால் கணக்கு வேறு, தொப்பி, கதகதப்பு எல்லாம் மருத்துவர் சொல்கிறபடி.

அரசு மருத்துவமனையில் பிரசவம் என்றால் குழந்தைப் பரிசுப் பெட்டகம் பற்றிக் கேளுங்கள். 2015-ல் தொடங்கிய திட்டம், 16 பொருட்கள், அதில் துண்டு, குழந்தைச் சட்டை, கொசுவலை எல்லாம் உண்டு. கேட்டுவிட்டு மீதியை வாங்குங்கள்.

கரூர்ப்பெண்:

அந்துருண்டை விஷயத்தைப் படித்தவுடன் எழுந்து போய் பீரோவைத் திறந்தேன். அப்பாவின் வேட்டிகள் அதோடுதான் மடித்திருந்தன. அவற்றை விட்டுவிட்டு, தாத்தா தினமும் உடுத்துகிற இரண்டு வேட்டியைக் கேட்டிருக்கிறேன், உடனே கொடுத்துவிட்டார். அம்மா இன்றைக்கே தைக்க உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் அடுத்த வாரம் திருப்பூர் போகிறான். சகோதரரே, அங்கே எட்டுப் பத்துப் பீஸ் எல்லாம் தருவார்களா, மொத்தமாகத்தான் எடுக்க வேண்டுமா?

பனியன் கம்பெனி செக்கிங்:

சில்லறையாகவே தருவார்கள். ஒரே கடையில் எடுத்துவிடாமல் நாலு கடை ஏறி இறங்கச் சொல்லுங்கள். அளவு எண்ணை நம்பாமல், சரியான அளவுள்ள ஒரு ஜப்லாவின் நீளத்தையும் மார்பு அகலத்தையும் நூலில் அளந்து முடிச்சுப் போட்டு அண்ணனிடம் கொடுத்து அனுப்புங்கள், சர்ப்ளஸில் பாதிக்கு லேபிளை வெட்டியிருப்பார்கள். துவைத்தால் கொஞ்சம் சுருங்கும் என்பதையும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள்.