சந்தையில் மட்டுமா? பன்மைச் சமூகம் குறித்து ஒரு சொற்போர்

மோல்மேன்காரன்:
நேற்று இந்த இணைய மன்றத்தில் ஒருவர், "பல இனத்தாரும் பல மதத்தாரும் ஒற்றுமையாக வாழ்வதுதான் பன்மைச் சமூகம், அதற்கு நம் ரங்கூனைவிட நல்ல சான்று கிடையாது" என்று எழுதி ஊரார் பாராட்டை அள்ளிக்கொண்டார். அதைப் படித்த எனக்கு இரவுச் சோறு இறங்கவில்லை. அந்தச் சொல்லைச் சமூக அறிவியலில் நிலைநிறுத்திய ஃபர்னிவல், 1902இல் இந்நாட்டுக்கு ஆட்சிப்பணி அதிகாரியாக வந்து, பர்மாவிலேயே பாதி வாழ்நாளைக் கழித்தவர். பர்மியர், இந்தியர், சீனர், ஐரோப்பியர் ஆகியோர் ஒரே ஆட்சியின்கீழ் அக்கம்பக்கமாக இருந்தும் ஒன்றாகவில்லை என்றும், அவர்கள் தனியாட்களாகச் சந்தித்துக்கொள்வது சந்தையில் மட்டுமே, வாங்கும்போதும் விற்கும்போதும்தான் என்றும் அவர் 1948இல் எழுதினார். சந்தையில் மட்டும்! இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வது, மருத்துவர் "உங்களுக்குச் சர்க்கரை" என்றதைக் கேட்டுத் தெருவுக்கே மிட்டாய் வழங்குவதைப் போன்றது.

தட்டோன் பேரன்:
அந்த "ஒருவர்" நான்தான், அண்ணா. பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். நீங்கள் படித்த புத்தகத்தை நான் படிக்கவில்லை. ஆனால் என் பாட்டியை எனக்குத் தெரியும். சுதந்திரம் வந்த சில ஆண்டுகளில் அவர் தட்டோன் சந்தையில் கத்தரிக்காயும் கீரையும் விற்றார். பக்கத்துப் பலகையில் ஒரு பர்மியப் பெண் ஙாப்பி, அதாவது புளிக்கவைத்த மீன் விழுது, விற்றாள். அந்த வாடை பாட்டிக்கு ஆகாது; முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டுதான் வியாபாரம் செய்வாராம். என் தாயார் பிறந்த மழை இரவில், முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து, மஞ்சளைத் தானே அரைத்துப் பாட்டியின் உடம்பில் பூசி, விடியும்வரை அடுப்பருகே உட்கார்ந்திருந்தவள் அந்த ஙாப்பிக்காரிதான். அந்த மஞ்சளுக்கு அவள் விலை சொல்லவில்லை. இது எந்தச் சந்தை என்று உங்கள் வெள்ளைக்காரரைக் கேட்டுச் சொல்லுங்கள்.

மோல்மேன்காரன்:
கேட்க வேண்டியதில்லை, தம்பி. நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள். அவர்கள் இருவரும் எங்கே சந்தித்தார்கள்? தட்டோன் சந்தையில். உங்கள் பாட்டியே ஃபர்னிவல் பக்கம் சாட்சி சொல்லியிருக்கிறார்.

பெகு ரயிலடி:
அடேயப்பா, என்ன வாதம்! ஃபர்னிவல் இந்நாட்டுப் பெண்ணை மணந்துகொண்டவர் என்பது மோல்மேன் ஐயாவுக்குத் தெரியாதா? அவரும் தம் மனைவியைக் கத்தரிக்காய்க் கடையில்தான் சந்தித்தாரோ?

ரங்கூன் ஆசிரியை:
நீங்கள் மூவரும் "சந்தை" என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். ஃபர்னிவல் சந்தை என்றது காய்கறிப் பலகையை அன்று. ஒரு சமூகத்தாருக்குத் தமக்குள் பொதுவான விருப்பம், பொதுவான நெறி, "இது நமக்கு வேண்டும், இது நமக்குத் தகாது" என்று எல்லோரும் சேர்ந்து சொல்லும் குரல் இருக்க வேண்டும். குடியேற்ற ஆட்சியில் அந்தக் குரல் உருவாகவில்லை, இனத்துக்கு ஒரு தொழில் என்ற பிரிவினையும் லாபக் கணக்கும் மட்டுமே எல்லோரையும் இணைத்தன என்பதுதான் அவர் கருத்து. ஆகவே ஒரு பாட்டி நல்லவராக இருந்தார் என்பதால் அக்கருத்து பொய்யாகாது. அவருடைய நட்பு ஒரு பலகையருகே தொடங்கியது என்பதால் மெய்யாகிவிடவும் செய்யாது. மேலும், அவர் விவரித்தது சுதந்திரத்துக்கு முந்திய பர்மாவை. பாட்டியின் கதையோ அதற்குப் பிந்தியது.

மோல்மேன்காரன்:
ஆசிரியை அம்மா சொல்வது பாடநூலுக்குப் பொருந்தும். ஆனால் "மட்டும்" என்று எழுதியவர் அவர்தான். அந்தச் சொல்லை நான் சேர்க்கவில்லை, மொழிபெயர்த்தவரும் சேர்க்கவில்லை, மூலத்திலேயே இருக்கிறது. 1931 குடிக்கணக்கின்படி ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர். அத்தனை பேர் இருந்த ஊரில், அதற்கு முந்திய ஆண்டு மே மாதத்தில் நடந்தது என்ன? துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கப்பல் சரக்கு ஏற்றி இறக்கும் நிறுவனங்கள் பர்மியரை அமர்த்தின. நிறுத்தம் முடிந்ததும், அந்தப் பர்மியரிடம் இனி நீங்கள் வேண்டாம் என்றன. வேலைக்கென்று வந்து நின்றவர்களுக்கும் திரும்பி வந்தவர்களுக்கும் இடையே தொடங்கிய கைகலப்பு ஊர் முழுவதும் பரவி, பல தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். இரண்டு கூட்டமும் சந்தித்த ஒரே இடம் கூலிச் சந்தை. அங்கே யாரும் யாருக்கும் மஞ்சள் அரைக்கவில்லை.

தட்டோன் பேரன்:
சந்தைக்கு இப்போது கூலிச் சந்தை, துறைமுகச் சந்தை என்று புதிது புதிதாகப் பெயர் வைக்கிறீர்கள். சந்திக்கும் இடமெல்லாம் சந்தை என்றால் "சந்தையில் மட்டும்" என்பதற்குப் பொருளே இல்லையே! எங்கள் கோயில் தீமிதிக்குப் பர்மியர்கள் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு வேண்டுதலோடு வரிசையில் நிற்கிறார்கள். நம் சரஸ்வதியை அவர்கள் தூரத்ததி என்ற பெயரில், பரீட்சைக்கு முன்னால் கும்பிடுகிறார்கள். நம் பிள்ளைகள் பொங்கிகள் எனும் பௌத்தத் துறவிகளிடம் எழுத்துப் படித்து வளர்ந்தார்கள். இவையும் சந்தையா?

மோல்மேன்காரன்:
தீமிதியன்று கோயில் வாசலில் தேங்காய் விற்பவர் யார், வாங்குபவர் யார் என்று நின்று பார்த்ததுண்டா?

பெகு ரயிலடி:
இதற்குமேல் இவரோடு பேசுவது வீண். எதைக் காட்டினாலும் அதில் ஒரு தேங்காய்க் கடையைக் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடிக்காமல் இருப்பாரா? கொள்ளுத்தாத்தா, செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய மோல்மேன் கிட்டங்கியில், தலைமை ஆளான மேலாளுக்கு அடுத்த நிலையில் அடுத்தாளாக இருந்தவர் என்று இவரே ஒருமுறை பெருமையாக எழுதினார். வட்டிக் கணக்கு எழுதிய கைக்கு எல்லாமே வரவும் செலவுமாகத்தான் தெரியும்.

மோல்மேன்காரன்:
கிட்டங்கி பற்றி வாய் திறக்குமுன் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார் வசம் இருந்தது நூற்றுக்கு 6 பங்கு நிலம்; 1938க்குள் அது 25 பங்காயிற்று. ஊரார் இதைப் பேராசை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்தது, கடன்பட்டவர் பணமாகத் திருப்பித் தர வழியில்லை, நிலமாகத்தான் வந்து சேர்ந்தது. நிலத்தை உழத் தெரியாத மேலாளும் அடுத்தாளும், கடைநிலை உதவியாளான பெட்டியடிப் பையனை நெல் களத்துக்கு அனுப்பிவிட்டு, பணம் முடங்கிவிட்டதே என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள் என்பது எங்கள் வீட்டில் சொல்லக் கேட்ட செய்தி. என் கொள்ளுத்தாத்தா எந்தப் பர்மியர் வீட்டுக்கும் விருந்துக்குப் போனதில்லை, எந்தப் பர்மியரும் கிட்டங்கிக்குச் சாப்பிட வந்ததில்லை. வந்தவர்கள் கடனுக்கு வந்தார்கள். இதைத்தான் நான் முதலிலிருந்தே சொல்கிறேன்: சந்தையில் மட்டும்.

தட்டோன் பேரன்:
உங்கள் வீட்டில் விருந்துக்குக் கூப்பிடாததற்கு நாடு என்ன செய்யும், அண்ணா?

பெகு ரயிலடி:
அப்படிக் கேளுங்கள். பர்மியப் பெயர் வைத்துக்கொள்வது சரியா என்ற சென்ற மாத இழையிலும் இவர் இப்படித்தான் எல்லோருக்கும் பாடம் நடத்திவிட்டு, உங்கள் பள்ளிப் பெயர் என்ன என்று நான் கேட்டதும் காணாமல் போனார்.

மோல்மேன்காரன்:
காணாமல் போகவில்லை, மின்சாரம் போயிற்று. பள்ளியில் எனக்குப் பர்மியப் பெயர் உண்டு, வீட்டில் தமிழ்ப் பெயர் உண்டு. இரண்டு பெயர் எதற்காக? வெளியே ஒருவன், உள்ளே ஒருவன் என்பதற்காகத்தானே? அதுவும் என் கட்சிக்கே வலுச் சேர்க்கிறது.

ரங்கூன் ஆசிரியை:
வேறொரு பக்கமாகச் சொல்லிப் பார்க்கிறேன். வெவ்வேறு கூட்டத்தார் சந்தித்தாலே வெறுப்புக் குறைந்துவிடுமா என்ற கேள்வியை அமெரிக்க உளவியல் பேராசிரியர் ஆல்போர்ட் 1954இல் ஆராய்ந்தார். வெறும் சந்திப்புப் போதாது என்றார். இருவரும் சமநிலையில் இருக்க வேண்டும், ஒரே குறிக்கோள் வேண்டும், போட்டியாக இன்றிக் கூட்டாக உழைக்க வேண்டும், சட்டமோ வழக்கமோ பெரியவர்களோ அதை ஆதரிக்க வேண்டும். துறைமுகத்தில் சந்தித்தவர்களுக்கு இவற்றில் ஒன்றும் வாய்க்கவில்லை. ஒரு வேலைக்கு இரண்டு கூட்டம் போட்டியிட்டது. ஙாப்பிப் பலகையும் கீரைப் பலகையும் ஒரே வெயிலில், ஒரே அளவு வறுமையில், ஒன்றின் வியாபாரத்தை மற்றது கெடுக்காமல் பக்கத்தில் கிடந்தன. சந்தித்த இடம் சந்தையா இல்லையா என்பதைவிட, எந்த நிலையில் சந்தித்தார்கள் என்பதல்லவா கேள்வி?

மோல்மேன்காரன்:
அமெரிக்கப் பேராசிரியருக்கு ஙாப்பி வாடை தெரியுமா? பர்மாவில் பிறந்த கருத்தைப் பர்மாவை வைத்துத்தான் பேச வேண்டும்.

ரங்கூன் ஆசிரியை:
பர்மாவில் பிறந்தது என்றும் சொல்ல முடியாது, ஐயா. டச்சுக்காரர் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகளை, அதாவது ஜாவா முதலிய இன்றைய இந்தோனேசியாவைப் பற்றி 1939இல் எழுதிய நூலில்தான் ஃபர்னிவல் அதை முதலில் விரித்துரைத்தார். பர்மாவையும் அத்தீவுகளையும் ஒப்பிட்டது பிறகு.

மோல்மேன்காரன்:
எழுதியது ஜாவாவைப் பற்றியே இருக்கட்டும். கண் திறந்தது ரங்கூனில். 1910இல் பர்மா ஆராய்ச்சிக் கழகம் தொடங்கியபோதே அவர் முன்னணியில் நின்றவர். ஜாவாக்காரர்கள் வேண்டுமானால் தனியாக ஓர் இழை தொடங்கிக்கொள்ளட்டும்.

பெகு ரயிலடி:
ஒற்றுமையே இல்லாத நாடு என்பாராம். ஆனால் அந்தக் கண்டுபிடிப்பின் பெருமை மட்டும் இந்நாட்டுக்கே வேண்டுமாம்.

தட்டோன் பேரன்:
நான் கடைசியாக ஒன்று சொல்கிறேன். நேற்றிரவு என் தாயாரிடம் மறுபடியும் கேட்டேன். பாட்டிக்கு முதல் ஒரு வருடம் சொந்தப் பலகையே கிடையாதாம். ஙாப்பிக்காரி தன் பலகையின் ஓரத்தில் இரண்டு முழம் ஒதுக்கிக் கொடுத்து, வாடகை என்று ஒரு காசும் வாங்காமல் உட்கார வைத்திருந்தாளாம். வாங்குவதும் விற்பதும் இல்லாத அந்த இரண்டு முழத்தை உங்கள் ஃபர்னிவல் எங்கே கொண்டுபோய் வைப்பார்?

மோல்மேன்காரன்:
மிக்க மகிழ்ச்சி, தம்பி. அந்த இரண்டு முழத்தில் உங்கள் பாட்டி என்ன செய்தார், கீரை விற்றாரா இல்லையா என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.