மண்டபத்துக்கு வண்டி: பெட்ரோலா, பேட்டரியா?

கணியம்பாடி மண்டபம்:
எல்லோருக்கும் வணக்கம். கணியம்பாடி தாண்டி எங்களுக்கு ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. கார் நிறுத்தும் இடம் கீழே ரோட்டோரம், மண்டபம் மேலே பாறை மேட்டில். நடுவில் 400 மீட்டர் பாதை, உயரம் 20 மீட்டர் இருக்கும். வெயில் காலத்து முகூர்த்தத்தில் வயசானவர்கள் பாதி வழியிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். போன வைகாசியில் ஒரு பாட்டிக்கு மயக்கமே வந்துவிட்டது. வண்டி வாங்கியே ஆக வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார்.

இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று, பெங்களூர் பக்கம் ஒரு ரிசார்ட்டில் ஓடிய ஆறு சீட் பெட்ரோல் கோல்ஃப் வண்டி, செகண்ட் ஹேண்ட். இன்னொன்று புது எட்டு சீட் பேட்டரி கார். 48 வோல்ட், 150 ஆம்பியர் ஹவர், தண்ணி ஊற்றும் ஆசிட் பேட்டரி. பெரிய கல்யாணம் என்றால் ரிசப்ஷனும் முகூர்த்தமும் சேர்த்து 60 நடை வரும். எதை எடுக்கலாம்?

ராணிப்பேட்டை மெக்கானிக்:
யோசிக்கவே வேண்டாம் தம்பி, பெட்ரோல் வண்டியை எடுங்கள். 60 நடை, போக வர 800 மீட்டர் என்றால் 48 கிலோமீட்டர். பேட்டரி கார் விற்பவர்கள் 70, 80 கிலோமீட்டர் ஓடும் என்பார்கள். அது சமதரையில், லேசான பாரத்தில் பார்த்த கணக்கு. உங்களுக்கோ பாரமும் உண்டு, ஏற்றமும் உண்டு.

அப்புறம் நேரம். ரிசப்ஷன் முடிய ராத்திரி 11 ஆகும். முகூர்த்தம் காலையில் நாலரைக்கோ ஆறுக்கோ. ஆசிட் பேட்டரி முழுசாக ஏற எட்டு மணி நேரமாவது வேண்டும். உங்களுக்குக் கிடைப்பது ஐந்து. பெட்ரோல் என்றால் ஊற்றிவிட்டுக் கிளம்பலாம். மாதா மாதம் பராமரிப்புக்காகக் கரன்ட் நிறுத்துகிறார்களே, அதையும் மறந்துவிடாதீர்கள்.

காட்பாடி வாசி:
அண்ணே, கரன்ட் கதையை விடுங்கள். ஜெனரேட்டர் இல்லாமல் எந்த மண்டபத்தில் கல்யாணம் நடக்கிறது?

இந்த வண்டி நிற்கப்போகும் இடத்தை நினைத்துப் பாருங்கள். மண்டப வாசல். பன்னீர் தெளிக்கிற இடம், சந்தனக் கிண்ணம் வைத்த மேஜை, நாதஸ்வரக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் மேடை. அங்கே ஆறடி தள்ளி ஒரு ஒற்றை சிலிண்டர் எஞ்சின் புகைவிட்டுக்கொண்டு நிற்கலாமா? பட்டுப்புடவையோடு பின் சீட்டில் ஏறும் அம்மாவுக்குக் காலடியில் எஞ்சின் சூடு. இந்த வகை பெட்ரோல் வண்டிகள் பலவற்றில் காலை எடுத்தால் எஞ்சின் நின்றுவிடும், மிதித்தால் ஸ்டார்ட் ஆகும். ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி எடுத்தால் ஒரு அடியாவது பின்னால் உருளும். உள்ளே இருப்பவர்கள் எழுபது வயசுக்காரர்கள்.

ரயில் நிலையத்தில் முதியவர்களை ஏற்றிப்போவது பேட்டரி கார்தான். சுப்ரீம் கோர்ட் உத்தரவு வந்த பிறகு தாஜ் மஹாலைச் சுற்றிப் புகைவிடும் வண்டிகளை விடுவதில்லை, அங்கேயும் பேட்டரி வண்டிதான்.

ராணிப்பேட்டை மெக்கானிக்:
தாஜ் மஹாலில் பளிங்குக் கல் மஞ்சளாகிறது என்று வழக்கு நடந்தது. கணியம்பாடியில் அந்தப் பிரச்சினை இல்லை. ரயில் நிலைய பிளாட்பாரம் தட்டையானது. ஏற்றத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

புகையும் சத்தமும் உண்மைதான், நான் மறுக்கவில்லை. வண்டியை வாசலுக்கு முப்பது அடி முன்னாலேயே நிறுத்தினால் அது தீர்ந்தது. பின்னால் உருளாமல் இருக்க பிரேக் சரியாக இருக்க வேண்டும், ஓட்டுகிற பையன் நிதானமாக இருக்க வேண்டும்.

காட்பாடி வாசி:
சரி, ஏற்றத்தையே கணக்குப் போடுவோம். வண்டி 700 கிலோ, ஆள் எட்டுப் பேர் 500 கிலோ, மொத்தம் 1,200 கிலோ. அதை 20 மீட்டர் மேலே தூக்க வேண்டும். டயர் உராய்வு, மோட்டாரில் வீணாவது எல்லாம் சேர்த்தால் ஒரு ஏற்றத்துக்கு ஏறக்குறைய 0.12 யூனிட். 60 நடைக்கு 7 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. இறக்கத்தில் அநேகமாகச் செலவே இல்லை. ஏசி மோட்டார், அதாவது மாறுதிசை மின்சாரத்தில் ஓடும் மோட்டார் என்றால் இறங்கும்போது மோட்டாரே வண்டியைப் பிடித்து நிறுத்திக் கொஞ்சம் கரன்டைத் திரும்பவும் அனுப்பும்.

இப்போது பேட்டரியைப் பாருங்கள். 48 வோல்ட், 150 ஆம்பியர் ஹவர் என்றால் மொத்தமே 7.2 யூனிட்தான். ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுசு குறையும். ராத்திரி ஐந்து மணி நேரத்தில் பெரும்பகுதி ஏறிவிடும், கடைசி இருபது சதவீதம்தான் மெதுவாக ஏறும். அதனால் கல்யாணம் நடந்துவிடும். ஆனால் ஒவ்வொரு பெரிய முகூர்த்தத்துக்கும் இப்படி அடி வாங்கினால் அந்த பேட்டரி நாள் தாங்காது. ஆகவே மண்டபத்துக்காரரே, பேட்டரி காரை எடுங்கள், அந்த பேட்டரியோடு எடுக்காதீர்கள். லித்தியம் கேளுங்கள்.

குடியாத்தம் அக்கா:
நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் பேட்டரி கார் ஓடுகிறது. சத்தம் இல்லாததால் எங்கள் பெரியவர்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும், பேசிக்கொண்டே போவார்கள். ஆனால் முதல் செட் பேட்டரி இரண்டு கோடை கூடத் தாங்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன், உங்களுக்கும் நடக்கக் கூடாது.

வண்டியைத் தகரக் கொட்டகையில் நிறுத்தினார்கள். சித்திரை வெயிலில் அந்தத் தகரத்துக்குக் கீழே நிற்க முடியாது. தண்ணி குறைந்ததும் வாட்ச்மேன் போர் தண்ணியைப் பிடித்து ஊற்றியிருக்கிறார். நம்ம பக்கத்துத் தண்ணியைத்தான் தெரியுமே, குடத்துக்குள்ளேயே உப்பு படியும். சர்வீஸ் பையன் வந்து ஆறு பேட்டரியின் மூடியையும் திறந்து டார்ச் அடித்துக் காட்டினான். உள்ளே பிளேட் தண்ணிக்கு மேலே ஒரு விரல் உயரத்துக்குக் காய்ந்து நின்றது. டெர்மினல் முழுக்க வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப்போய், ஸ்பேனரை வைத்தால் உதிர்ந்தது.

25 டிகிரியை வைத்துத்தான் பேட்டரி ஆயுசைச் சொல்கிறார்கள். அதற்கு மேல் ஏறக்குறைய பத்து டிகிரி கூடினால் ஆயுசு பாதியாகும். வேலூரில் மே மாதம் 40ஐத் தாண்டும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான் ஊற்ற வேண்டும், அதற்கென்று ஒரு ஆளை வைத்து எழுதிவைக்கச் சொல்லுங்கள். ஓலைக் கொட்டகை போடுங்கள், நாலு பக்கமும் காற்று வரட்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும், பூட்டிய அறையில் வைத்தால் ஆபத்து.

ராணிப்பேட்டை மெக்கானிக்:
அக்கா சொன்னதைத்தான் நானும் சொல்ல வந்தேன். கல்யாண மண்டபத்தில் யார் வாரா வாரம் மூடி திறந்து பார்ப்பார்கள்?

காசையும் பார்ப்போம். ஒரு முகூர்த்தத்துக்குக் கரன்ட் 100 ரூபாய், பெட்ரோல் ஐந்து லிட்டர் 500 ரூபாய் என்று வையுங்கள். மிச்சம் 400. வருஷத்துக்கு 50 முகூர்த்தம் என்றால் 20,000. ஐந்து வருஷத்தில் ஒரு லட்சம். நல்ல ஆசிட் பேட்டரி ஆறு வாங்கினால் அந்த லட்சம் அதற்கே போய்விடும். ஆக, பேட்டரி வாங்கினால் காசு மிச்சம் என்று யாரும் சொல்ல வேண்டாம். நாள் முழுக்க ஓடுகிற ஷேர் ஆட்டோவுக்கு அந்தப் பேச்சு சரி.

இன்னொன்று, எஞ்சினை நான் பிரிப்பேன், மாட்டுவேன். பேட்டரி காரில் கன்ட்ரோலர், அதாவது மோட்டாருக்குக் கரன்டை அளந்து விடும் பெட்டி போனால் சென்னைக்கோ பெங்களூருக்கோதான் அனுப்ப வேண்டும். முகூர்த்தம் அதுவரைக்கும் காத்திருக்காது.

காட்பாடி வாசி:
காசு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி அண்ணே. நானும் காசுக்காகப் பேசவில்லை.

ஆனால் அந்த பெட்ரோல் வண்டிக்கு பெல்ட், கிளட்ச், ஸ்டார்ட்டர் எல்லாம் வெளிநாட்டுச் சாமான். கிளப் கார், யமஹா மாதிரி கம்பெனிகளின் பெட்ரோல் வண்டிகள் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் சகஜம், நம் ஊரில் விற்பதெல்லாம் பெரும்பாலும் பேட்டரி. எஞ்சினை நீங்கள் பிரிப்பீர்கள், பெல்ட்டுக்கு எங்கே போவீர்கள்?

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, வண்டி சும்மா நிற்கும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்றால் கார்புரேட்டர் அடைக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆசிட் பேட்டரியும் சார்ஜ் இல்லாமல் நின்றால் கெடும், அதுவும் உண்மை. லித்தியத்தை அரை சார்ஜில் நிறுத்திவிட்டுப் போகலாம். தண்ணி ஊற்ற வேண்டாம். ஆறு ஆசிட் பேட்டரி 170 கிலோ வரும், லித்தியம் அதில் பாதிகூட வராது, ஏற்றத்தில் அதுவும் உதவி. ஐந்து மணி நேரத்தில் முழுசாக ஏற்றும் சார்ஜரையும் கேட்டு வாங்கலாம். முதலில் விலை கூடத்தான் வரும்.

அணைக்கட்டு விவசாயி:
எதை எடுத்தாலும் பஸ் ஸ்டாப் வரைக்கும் விடுங்கள். கார் இல்லாதவர்கள்தான் நிறைய நடக்கிறார்கள்.

காட்பாடி வாசி:
நல்ல எண்ணம்தான் ஐயா, ஆனால் விடக்கூடாது. இந்த வண்டிகளுக்கு நம்பர் பிளேட் கிடையாது, வளாகத்துக்குள்தான் ஓடலாம். ரோட்டில் அடிபட்டால் இன்ஷூரன்ஸ் நிற்காது. பஸ்ஸில் வருபவர்களுக்குக் கேட்டுக்கு உள்ளேயே பந்தல் போட்டு பெஞ்ச் வைத்து, அங்கிருந்து ஏற்றுங்கள்.

அதே காரணத்தால் பெட்ரோல் வண்டியை பங்குக்கு ஓட்டிக்கொண்டு போகவும் முடியாது. ஒவ்வொரு தடவையும் கேனில் வாங்கி வர வேண்டும், பங்கில் கேனில் ஊற்றத் தயங்குவார்கள். லைசென்ஸ் இல்லாமல் 30 லிட்டருக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. சமையல்கட்டில் விறகு அடுப்பு எரியும் இடத்தில் பெட்ரோல் கேனை எங்கே வைப்பீர்கள்?

கணியம்பாடி மண்டபம்:
கேன் விஷயத்தை நாங்கள் யோசிக்கவே இல்லை. எங்கள் சமையல்கட்டும் வண்டி நிறுத்த நினைத்த இடமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அப்பாவிடம் பேசினேன். பேட்டரி கார் விற்பவரிடம் லித்தியம், ஏசி மோட்டார் இரண்டுக்கும் சேர்த்து கொட்டேஷன் கேட்கப்போகிறோம். குடியாத்தம் அக்கா, ஓலைக் கொட்டகைக்கு இப்போதே ஆள் சொல்லியாகிவிட்டது.

ராணிப்பேட்டை மெக்கானிக்:
உங்கள் இஷ்டம் தம்பி. கன்ட்ரோலர் பற்றி நான் சொன்னது அப்படியே நிற்கிறது. வாரண்டியில் கன்ட்ரோலரும் சார்ஜரும் இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள், முகூர்த்த நாளில் பழுதானால் மாற்று வண்டி தருவார்களா என்றும் கேளுங்கள். பணம் கட்டும் முன்னால் வண்டியை உங்கள் இடத்துக்கே கொண்டுவரச் சொல்லி, மதியம் இரண்டு மணி வெயிலில் எட்டு ஆளை ஏற்றி, ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி, காலை எடுத்துவிட்டு மறுபடி கிளப்பச் சொல்லுங்கள். பத்து தடவை விடாமல் செய்யட்டும். மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் நானும் வருகிறேன்.