மடியழற்சியும் ‘தாவரவழி வெள்ளி நனோத்துணிக்கை’யும்: ஒரு சொல் முன்மொழிவு

குழுவின் அன்பர்களுக்கு வணக்கம்.

நுவரெலியா மாவட்டத் தோட்டங்களில் லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பின்னால் பட்டி கட்டி, ஒன்றிரண்டு மாடு வளர்த்துப் பால் ஊற்றும் குடும்பங்களுக்காக எழுதிவரும் கையேட்டில், தாவரச் சாற்றின் துணையால் ஆக்கப்படும் மிகச் சிறிய வெள்ளித் துணிக்கைகளைக் கொண்டு மடியில் தொற்றும் பற்றீரியாக்களை அடக்க முயலும் ஆய்வுகளைப் பற்றியும் ஒரு பகுதி வருகிறது. அதற்கெனச் சென்னை நண்பர் ‘பசுமை வெள்ளி மீநுண்துகள்’ என்பதையும், பதுளையிலிருந்து எழுதும் ஆசிரியர் ‘மூலிகை வெள்ளி மடிநோய்க்கொல்லி’ என்பதையும் பரிந்துரைத்திருந்தார்கள். இருவரும் அக்கறையோடு எழுதியிருக்கிறார்கள்; எனினும் இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது.

முதலில் நோயின் பெயர். ‘மடிவீக்கம்’ என்பது எல்லோருக்கும் விளங்கும் சொல்தான். ஆனால் இந்த நோயில் பெரும் நட்டத்தைத் தருவது வீக்கமே வெளியில் தெரியாத நிலை. மடி மெத்தென்றிருக்கும், பாலும் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். நான்கு குழியுள்ள தட்டில் ஒவ்வொரு காம்பிலிருந்தும் சிறிது பாலைப் பீச்சி, சம அளவு சோதனைக் கரைசலை ஊற்றித் தட்டை மெல்லச் சுழற்றினால், மூன்று குழிகளில் பால் தண்ணீராகவே ஓட, நான்காவதில் மட்டும் கூழாகத் தடித்து நடுவில் திரளும். அந்தக் காம்புக்குரிய மடிப்பகுதியில் வெள்ளணுக்கள் பெருகியிருப்பதும், கரைசல் அவற்றை உடைக்கும்போது வெளிவரும் டீஎன்ஏ தடிப்பதுமே அதற்குக் காரணம். இந்த நிலையை ‘வீக்கம் தெரியாத மடிவீக்கம்’ என்று எப்படி எழுதுவது? ‘மடியழற்சி’ என்றும், வெளித்தெரியாததை ‘மறைநிலை மடியழற்சி’ என்றும் கொண்டால் இந்த இடர் இல்லை. பேச்சில் வழங்கும் பெயர்களை ஓரிடத்தில் அருகே குறித்துவிடலாம்.

அடுத்து ‘பசுமை’. மாட்டைப் பற்றிய நூலில் ‘பசு’ என்று தொடங்கும் கூட்டுச்சொல்லை வாசகர் முதலில் மாட்டோடுதான் சேர்த்துப் படிப்பார். பசும்பால், பசுநெய் என்றுதான் கண் பழகியிருக்கிறது. அதைவிடப் பெரிய குறை, அச்சொல் பொருளைச் சொல்லாமல் நற்சான்று வழங்குகிறது என்பதே. ‘மூலிகை வெள்ளி’யில் இக்குறை இன்னும் கூடுகிறது. இங்கே வெள்ளி, மூலிகையிலிருந்து வருவதில்லை. அது வெள்ளி நைத்திரேற்று என்னும் உப்பிலிருந்து வருகிறது. இலைச்சாற்றில் உள்ள பொலிபீனோல் முதலிய சேர்வைகள் வெள்ளி அயனைத் தாழ்த்தி, அதாவது அதற்கு இலத்திரனைக் கொடுத்து, உலோக வெள்ளியாக்குகின்றன. பிறகு அத்துணிக்கைகளின் மேல் படலமாக ஒட்டி, ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துவிடாமல் காக்கின்றன. வெளிர்நிறக் கலவை கபில நிறமாக மாறுவது துணிக்கைகள் உருவாவதைக் காட்டும் முதல் அறிகுறி. நம் மலைகளில் விளையும் தேயிலையின் சாற்றாலும் இதைச் செய்யலாம், ஏனெனில் அதிலுள்ள கற்றெக்கின்கள் என்னும் பொலிபீனோல்கள் நல்ல தாழ்த்தும் கருவிகள். எனவே தாவரம் இங்கே வழி மட்டுமே. அதனால்தான் ‘தாவர வெள்ளி’ என்றுகூடச் சொல்லாமல் ‘தாவரவழி’ என்கிறேன். கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்து மடியில் பூசும் கைமருத்துவத்தோடு இதை ஒருவர் குழப்பிக்கொண்டால், வீட்டிலேயே கலக்கிப் பார்க்கும் துணிவும் வந்துவிடும். அந்த வாசலைச் சொல்லே திறந்துவிடக் கூடாது.

‘கொல்லி’யையும் இதே காரணத்தால் தவிர்க்க வேண்டுகிறேன். ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ் போன்ற பற்றீரியாக்களை வெள்ளி ஆய்வுகூடத்தில் கொல்கிறது என்பது உண்மை. துணிக்கையிலிருந்து வெளிவரும் வெள்ளி அயன்கள் கந்தகம் கொண்ட புரதங்களைப் பற்றிக்கொண்டு, கலமென்சவ்வையும் சிதைக்கின்றன. ஆனால் மடிக்குள் பால் இருக்கிறது. பாலின் புரதங்களும் குளோரைட்டும் அதே அயன்களைப் பற்றிக்கொள்வதால், ஆய்வுகூடத்தில் காட்டும் வீரியத்தை மடியில் அப்படியே எதிர்பார்க்க முடியாது. காம்புக்குள் ஏற்றும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்குப் பிறகு சில நாள் பாலை ஊற்றக் கூடாது என்பதை நம் மக்கள் அறிவார்கள். ‘இது மூலிகைதானே’ என்று எண்ணி வெள்ளி கலந்த பாலைச் சேகரிப்பு நிலையத்தில் ஊற்றவோ, பிள்ளைக்குக் கொடுக்கவோ நேர்ந்தால், அதில் நாம் வைத்த பெயருக்கும் பங்குண்டு. ஆகவே கலைச்சொல் பொருளின் பெயராக நிற்கட்டும். அது மருந்தா இல்லையா என்பதை வாக்கியம் சொல்லட்டும்.

நனோவா, மீநுண்ணா? ‘நுண்’ என்பது நுண்ணுயிர் தொடங்கி மைக்கிரோ அளவுக்கு ஏற்கெனவே பழகிவிட்டது. மேற்சொன்ன பற்றீரியம் ஏறத்தாழ ஒரு மைக்கிரோமீற்றர், அதாவது ஆயிரம் நனோமீற்றர், விட்டமுடையது. நாம் பேசும் துணிக்கையோ 1 முதல் 100 நனோமீற்றர் வரையானது. பேசப்படுவதே இந்த அளவு வேறுபாடாக இருக்கையில், ‘மீ’ என்ற ஓரெழுத்தின் மேல் அவ்வளவு சுமையை ஏற்ற வேண்டாம். ‘துகள்’ தமிழகத்தில் நிலைத்த சொல் என்பதை மதிக்கிறேன். இங்கே பள்ளியில் ‘துணிக்கை’ என்றே படிக்கிறோம், கையேடும் இங்குள்ளவர்களுக்கானது.

எனவே என் முன்மொழிவு ‘தாவரவழி வெள்ளி நனோத்துணிக்கை’. நீளம் மிகுதி என்பார்கள்; முதன்முறை முழுப்பெயரையும், பிறகு ‘வெள்ளித் துணிக்கை’ என்றும் எழுதலாம். துணிக்கையின் மேல் ஒட்டும் சேர்வைக்கு ‘போர்வைப் பொருள்’ என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன். ‘மூடி’, ‘கவசம்’ இரண்டும் எனக்கு நிறைவாக இல்லை. இதைவிடப் பொருத்தமான சொல் யாரிடமாவது இருந்தால், காரணத்தோடு எழுதுங்கள்.