பேய் நாவல் படிச்சு பயந்தவங்க சொல்லியாச்சு, எழுதி பயந்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?

மஞ்சக்குப்பத்தான்:

நான் இருக்கேன். கொஞ்சம் நீளமா போவும், பொறுத்துக்குங்க.

2015 வெள்ளம் வடிஞ்ச அடுத்த வருஷம் எழுத ஆரம்பிச்சேன். புதுமைப்பித்தன் 1906-ல பொறந்தது நம்ம திருப்பாதிரிப்புலியூர்ல, ஜெயகாந்தன் 1934-ல கடலூர்ல, அதே ஊரு தண்ணிய குடிச்ச நமக்குள்ளயும் ஒண்ணு இருக்கும்டான்னு ஒரு நெனப்பு. இந்த தண்ணில உப்புதான் ஜாஸ்தின்னு பின்னாடிதான் தெரிஞ்சுது, அது வேற விஷயம்.

கதை இதுதான். பாண்டில பழைய வீட்டு மாடி ரூம்ல ஒருத்தன் சரித்திர நாவல் எழுத வந்து தங்குறான், ரெண்டு மாசமா ஒரு வரி வரல. ஒரு நாள் ராத்திரி ஒரு பொம்பள வந்து எழுதின தாள் ஒண்ணு குடுக்குறா, பிரமாதமா இருக்கு, இன்னும் வேணும்ங்கிறான். நாளைக்கு தரேன், ஆனா வீட்டுல பொண்டாட்டிகிட்ட ஒரு பொய் சொல்லிட்டு வான்னு சொல்றா. ஒரு பொய்க்கு ஒரு பக்கம். அவ்ளோதான் டீலு. அவன் பக்கம் பக்கமா எழுதுறான், அங்க ஊர்ல பொண்டாட்டிக்கு முதல்ல குரல் கம்முது, அப்புறம் கண்ணாடில முகம் மங்குது, அப்புறம் நெழல் இல்ல.

மல்லிப்பூ வாசனை, கொலுசு சத்தம், வெள்ளப் பொடவை மூணும் கிட்ட வரக்கூடாதுன்னு சபதம் எடுத்துக்கிட்டேன். அவ கால் தரைல படுதா இல்லையான்னு பாக்கவே அவனுக்கு தோணாது, ஏன்னா கண்ணு பூரா அவ கையில இருக்குற தாள்மேல. செவுத்துக்குள்ள பூந்து வருவா, ஆனா அது பேய் வித்தை இல்ல. 1761 ஜனவரில பிரெஞ்சுக்காரன் சரணடைஞ்சான், அதுக்கப்புறம் இங்கிலீஷ்காரன் ஊரையே இடிச்சு தரைமட்டம் ஆக்குனான், நாம இன்னிக்கு செல்ஃபி எடுக்குற ஒயிட் டவுன் வீடெல்லாம் அதுக்கு பின்னாடி கட்டினது. இவ அதுக்கு முந்தின ஊர்க்காரி. அவ காலத்துல அங்க செவுரே கெடயாது, தெருதான், அவ பாட்டுக்கு தெருவுல நடந்து வரா. இந்த எடம் தோணுனப்ப நானே எழுந்து நின்னுட்டேன், உண்மைய சொல்றேன்.

சரி விஷயத்துக்கு வரேன். வீட்டுல உக்காந்து எழுத முடியலன்னு சனிக்கிழமை ஆனா பாண்டிக்கு பஸ் ஏறிருவேன், கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம்னு ஒரு மணி நேரம், ஒயிட் டவுன பிரிக்கிற வாய்க்காலுக்கு இந்தாண்ட பக்கம் ஃபிரெண்டு ஒருத்தன் ரூமு சும்மா கெடந்துச்சு. அங்க ஒரு வாசிப்புக் கூட்டத்துல ஒருத்தங்கள பாத்தேன். பேரு, ஊரு எதுவும் சொல்ல மாட்டேன். அவங்க என் அத்தியாயத்த படிச்சுட்டு அனுப்புன வாய்ஸ் மெசேஜ் ஏழு நிமிஷம். எனக்கு கல்யாணம் ஆகி அப்போ ஒம்போது வருஷம், என்னைப் பத்தி ஏழு நிமிஷம் ஒரே மூச்சுல யாரும் பேசுனதே இல்ல. அங்க ஆரம்பிச்சுது.

ஆறு மணிக்கு மேல பீச் ரோட்டுல வண்டி விட மாட்டான்ல, காந்தி சிலைலேந்து பழைய துறைமுகம் பக்கம் வரைக்கும் நடப்போம், திரும்பி வருவோம், கதை பேசுவோம். கை கூட படல. படலங்கிறத பெருமையா சொல்லல, படணும்னு இருந்துச்சு. அந்த வாரம் வீட்டுல ஆபீஸ்ல ஆடிட்டுன்னு சொல்லிட்டு வந்திருந்தேன், அதான் முதல் பொய். அன்னிக்கு ராத்திரி பதினோரு பக்கம் எழுதுனேன், அதுக்கு முன்னாடி ஒரு ராத்திரில ரெண்டுக்கு மேல எழுதினதே கெடயாது.

அடுத்த வாரம் பொய் எதுவும் சொல்லல, மச்சான் வீட்டு விசேஷம், பாண்டிக்கே போகல, ஞாயித்துக்கிழமை வீட்டுலயே உக்காந்து பாத்தேன், ஒரு வரி வரல. அதுக்கப்புறம் நான் செஞ்சத கேட்டா சிரிப்பீங்க. தேவையே இல்லாம பொய் சொல்ல ஆரம்பிச்சேன். இட்லி சாப்ட்டுட்டு பரோட்டான்னு, பஸ்ல உக்காந்து வந்துட்டு நின்னுகிட்டே வந்தேன்னு. எழுத்து கொட்டுச்சு. நாலு மாசத்துல ரெண்டு லாங் சைஸ் நோட்டு ஃபுல்.

ஒரு ஞாயித்துக்கிழமை சாயந்திரம் வீட்டுக்கு வந்து முதல் நோட்ட எடுத்து பொரட்டுறேன், 'அவளை பார்த்தான்'னு எழுதிருக்கேன், நடுவுல பென்சில்ல குட்டியா ஒரு 'ப்'. அடுத்த பக்கம் ஒரு 'க்'. எங்க வீட்டம்மா தமிழ் டீச்சர். முதல் அத்தியாயத்துலேந்து விடாம, அந்த பொம்பள மொத மொத வர்ற ராத்திரி, பொய் டீலு, பீச் ரோட்டுல நடக்குறது (ஆமா அதையும் கதைல வெச்சிருந்தேன், எவ்ளோ அறிவு பாருங்க), எல்லாத்துலயும் ஒத்துப்பிழை மட்டும் திருத்திருக்கு. ஒரு கேள்விக்குறி கெடயாது, ஒரு அடிக்கோடு கெடயாது. நெழல் போற எடத்துல மட்டும் ஓரமா ரெண்டு வரி, பரீட்சை பேப்பர் திருத்துற அதே கையெழுத்து.

'இங்கே பயம் போதவில்லை. அவளுக்கு முதலிலிருந்தே தெரியும் என்று வை.'

அடுப்படில சங்கரா மீன் பொரியுற சத்தம். சாப்ட வரீங்களான்னு கூப்புட்டா. போனேன்.

நெய்வேலி டவுன்ஷிப்பு:

அண்ணே, போனேன்னு முடிச்சா எப்படிண்ணே, மீதி சொல்லுங்க. நடுவுல என்னுது சின்னதா ஒண்ணு. தானே புயல் 2011 டிசம்பர் 30 காலைல கரைய கடந்துச்சுல்ல, அப்ப நான் கடலூர் முதுநகர்ல சித்தி வீட்டுல மாட்டிக்கிட்டேன். பல நாள் கரண்டு இல்ல, வீட்டுல இருந்த ஒரே பொஸ்தகம் வாடகை நூலகத்து நாவல், படம் வரையிற ஒருத்தன், அவன் முன்னாடி உக்கார வர்ற பொம்பளைக்காக குடும்பத்த விட்டுட்டு போவான், படம் முடிய முடிய இவன் வத்திக்கிட்டே வருவான். சிம்னி வெளக்குல படிச்சுட்டு கடைசிக்கு வந்தா கடைசி எட்டு பக்கத்த எவனோ கிழிச்சிருக்கான். அட்டையும் இல்ல, பேரும் தெரியல. எனக்கு அவ இன்னும் அந்த மாடிப்படில ஏறிக்கிட்டேதான் இருக்கா.

தவளக்குப்பம் டீ:

பேயும் இல்ல ஒண்ணும் இல்ல தலைவா. பொய் சொன்னா ஒறுத்தும், ஒறுத்துனா தூக்கம் வராது, தூக்கம் வரலன்னா எழுதுவ. இட்லிய பரோட்டான்னு சொன்னதுக்கு எந்த பேய் வந்து பக்கம் குடுக்கும், அதுக்கு வேற வேலை இல்லையா. ஆனா அந்த செவுரு மேட்டரு நல்லாருக்கு. பிரெஞ்சுக்காரன்கிட்ட துபாஷியா இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையோட நாட்குறிப்பு 1736-ல ஆரம்பிச்சு 1761 வரைக்கும் வருது, அவரு இறந்ததும் அதே ஜனவரில. ஊரும் அவரும் ஒரே மாசத்துல போனாங்கன்னு கதைல எங்கயாச்சும் வைங்க.

அரியாங்குப்பத்து அக்கா:

நான் அந்த டீச்சரம்மா பக்கம். எங்க வீட்டுக்காரரு ஷார்ட் ஃபிலிம் எடுக்குறேன்னு ஆறு வருஷம் திரிஞ்சாரு, மூணு ஸ்க்ரிப்ட்டு, மூணும் பேய்ப்படம், மூணுலயும் முதல் சீன்லயே பொண்டாட்டி செத்துருவா. ஒண்ணுல கெணறு, ஒண்ணுல கேஸ், ஒண்ணுல என்னன்னே சொல்லல, மாலை போட்ட போட்டோ மட்டும். ஏங்க, ஒரு படத்துலயாச்சும் நான் இன்டர்வெல் வரைக்கும் இருக்கக்கூடாதான்னு கேட்டேன். கதைக்கு தேவைப்படுது, உனக்கு புரியாதுன்னாரு. எனக்கு புரியாமதான் மூணாவது படத்து கதாநாயகிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு டயலாக் சொல்லிக் குடுத்துட்டு இருந்தாரா. பேய விட பயங்கரம் என்ன தெரியுமா, அந்த டயலாக் நல்லா இருந்துச்சு. எனக்கு ஒருநாளும் அப்படி ஒரு வரி சொன்னதில்ல.

தம்பி, உங்க வீட்டம்மாகிட்ட கேட்டீங்களா இல்லையா?

மஞ்சக்குப்பத்தான்:

கேக்கலக்கா. கேக்க வாய் வரல. அந்த வாய்ஸ் மெசேஜ் அனுப்புனவங்க நம்பர மட்டும் அன்னிக்கே போன்லேந்து அழிச்சுட்டேன், பாண்டிக்கு சனிக்கிழமை போறதும் நின்னுச்சு. ஆனா நாவல நிறுத்தல, அதான் என் புத்தி. அந்த ரெண்டு வரி சொன்ன மாதிரியே திருப்பி எழுதுனேன், பொண்டாட்டிக்கு மொதல்லேந்தே தெரியும், தெரிஞ்சே ஒவ்வொரு பொய்க்கும் சரிங்க சரிங்கன்னு தலையாட்டுறான்னு. இது வரைக்கும் எழுதுனதுல அந்த ஒரு அத்தியாயம்தான் உருப்படி, படிச்ச ரெண்டு மூணு பேரும் அதையேதான் சொன்னாங்க. அதுல என் வரி எவ்ளோன்னு எனக்கே தெரியல.

வீட்டுல எல்லாம் சாதாரணமா தான் போவுது, சிரிக்கிறா, சண்டை போடுறா, பையனுக்கு வீட்டுப்பாடம் சொல்லித்தரா. நோட்டு டிவிக்கு பக்கத்துலயேதான் வெச்சிருக்கேன், எடுக்க வசதியா. ஆனா அந்த ரெண்டு வரிக்கு அப்புறம் பென்சில் படவே இல்ல. இப்பல்லாம் வேணும்னே 'அவளை பார்த்தான்'னு ஒத்து இல்லாம எழுதி, நோட்ட தொறந்தே வெச்சுட்டு ஆபீஸ் போறேன். சாயந்திரம் வந்து பாக்குறேன், அப்படியே இருக்கு.