500 ரூபாய்க்குள் முதல் மைப்பேனா: இப்போதே வாங்கலாமா, பணம் சேர்த்து நல்லதாக வாங்கலாமா?

வைகைக்கரை:
அனைவருக்கும் வணக்கம். நான் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். பாடக்குறிப்பேடு, வருகைப் பதிவேடு, மாணவர்களின் கட்டுரை ஏடுகள் என்று நாள்தோறும் மூன்று மணி நேரமாவது எழுத வேண்டியிருக்கிறது. பால்பாயிண்ட் பேனாவை அழுத்தி அழுத்தி எழுதியதில் கட்டைவிரலின் அடிப்பகுதியில் ஓராண்டாக வலி இருக்கிறது. மைப்பேனாவுக்கு மாறினால் அழுத்தம் குறையும் என்று உடன் பணிபுரியும் ஆசிரியர் சொன்னார். கல்லூரி நாட்களுக்குப் பிறகு நான் மைப்பேனாவைத் தொட்டதில்லை. அன்று என்னிடம் இருந்த பேனா மை கக்கி ஒரு தாவணியையே பாழாக்கியது. இப்போது 500 ரூபாய்க்குள் ஒன்று வாங்கிப் பார்க்கலாமா, அல்லது அது வீண் செலவா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மைக்கூடு:
தயங்காமல் வாங்குங்கள், அம்மா. பால்பாயிண்ட் பேனாவில் நுனியிலுள்ள குண்டு உருண்டால்தான் மை வரும். அது உருள்வதற்கு நாம் அழுத்த வேண்டும், பேனாவையும் ஏறக்குறைய நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். மைப்பேனாவிலோ மை, நிப்பின் பிளவு வழியாகத் தானாகவே நுனிவரை வந்து நிற்கிறது. நுனி தொட்டவுடன் தாளே அதை இழுத்துக்கொள்கிறது. பேனாவைச் சாய்த்துப் பிடித்து, அதன் சொந்த எடையிலேயே நகர்த்தினால் போதும். மை இறங்க ஒரு வழி, இறங்கிய மையின் இடத்தை நிரப்பக் காற்று ஏற ஒரு வழி என்னும் இந்த அடிப்படை, லூயிஸ் வாட்டர்மன் 1884-இல் காப்புரிமை பெற்ற காலத்திலிருந்து மாறவில்லை. 200 ரூபாய்ப் பேனாவிலும் 20,000 ரூபாய்ப் பேனாவிலும் இருப்பது இதுதான். உங்கள் வலியைக் குறைக்கப்போவது இந்த அமைப்பே தவிர, பேனாவின் விலை அன்று.

செலவுக் கணக்கையும் பாருங்கள். கன்வெர்ட்டர் எனப்படும் மை உறிஞ்சும் குழாயில் ஏறக்குறைய 0.8 மில்லிலிட்டர் மை பிடிக்கும். 60 மில்லி புட்டி ஒன்றைக் கொண்டு அதனை 75 முறை நிரப்பலாம். மெல்லிய நிப்பில் ஒருமுறை நிரப்பினால் நான் பன்னிரண்டு முதல் பதினைந்து பக்கங்கள் எழுதுகிறேன். ஆயிரம் பக்கங்களுக்கு ஒரு புட்டி மை என்றால், ஆசிரியர் ஒருவருக்கு இதைவிடச் சிக்கனமான எழுதுகருவி எது?

பாரிமுனை:
மைக்கூடு அவர்களின் கருத்தோடு நான் உடன்படவில்லை. அமைப்பு ஒன்றுதான் என்பது உண்மை, செய்நேர்த்தி ஒன்றன்று. நிப்பின் இரண்டு பற்களும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும், அவற்றுக்கு இடையிலான பிளவு நுனியை நோக்கிச் சீராகக் குறுக வேண்டும். இதில் ஒரு மயிரிழை தவறினாலும் பேனா தாளைக் கீறும், அல்லது எழுத்தின் நடுவில் மை அறுந்துபோகும். அப்படி அறுந்துபோகிற பேனாவை எழுதுபவர் என்ன செய்வார்? அழுத்துவார். எந்த வலிக்காக மாறினாரோ அதே வலி திரும்பி வரும்.

இரண்டு ஆண்டுகளில் நான் மூன்று மலிவுப் பேனாக்கள் வாங்கினேன். முதல் பேனாவின் பற்கள் ஏறுமாறாக இருந்தன. இரண்டாவதில் மூடி சரியாகப் பொருந்தாததால், சனி ஞாயிறு எழுதாமல் விட்டால் திங்கட்கிழமை காலையில் நிப்பில் மை காய்ந்திருக்கும். மூன்றாவதன் கழுத்தில் நான்கே மாதங்களில் விரிசல் விழுந்தது. மூன்றுக்கும் சேர்த்து 850 ரூபாய் போயிற்று. அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, ஒவ்வொரு நிப்பையும் சரிபார்த்து அனுப்பும் நிறுவனத்தின் பேனா ஒன்றை வாங்கியிருந்தால் இன்றுவரை அதனால் எழுதிக்கொண்டிருப்பேன். ஆகவே ஆசிரியர் அம்மா பொறுத்திருந்து, பைலட் மெட்ரோபொலிட்டன் போன்ற ஒன்றை வாங்குவதே நல்லது. அதுவரை, அழுத்தம் குறைவாகத் தேவைப்படும் ஜெல் பேனாவால் எழுதலாம்.

மைக்கூடு:
பாரிமுனை அவர்களே, நீங்கள் பட்ட தொல்லையை நான் மறுக்கவில்லை. ஆனால் முதல் பேனாவின் குறை, பத்து நிமிடத்தில் சரிசெய்யக்கூடிய குறை. நகைக்கடையில் வைத்திருப்பதைப் போன்ற பூதக்கண்ணாடியால் நிப்பின் நுனியை நேர் எதிரே வைத்துப் பாருங்கள். ஒரு பல் மேலேயும் மற்றது கீழேயும் இருந்தால், மேலே நிற்கும் பல்லைக் கட்டைவிரல் நகத்தால் மெல்லக் கீழ்நோக்கி அமர்த்திச் சில நொடிகள் பிடித்து விட வேண்டும். இரண்டு மூன்று முறை செய்தால் மட்டத்துக்கு வந்துவிடும். நம் ஊரில் பலர் சவரப் பிளேடைப் பிளவுக்குள் விட்டுக் கீறுவார்கள். அதனை மட்டும் செய்யாதீர்கள். பிளேடு பிளவின் உட்சுவரைச் சுரண்டி, நுனியிலிருக்கும் கடினமான உலோகப் பொட்டையும் உடைத்துவிடும். விலையுயர்ந்த பேனாவில் கைவைக்க யாருக்கும் துணிவு வராது. மலிவுப் பேனாவில் கற்றுக்கொள்ளலாம் என்பதே அதன் பெரும்பயன்.

புதுப் பேனாவை வாங்கியவுடன் மை ஊற்றாமல், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றிக் கழுவுங்கள். ஆலையில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பசையே பல பேனாக்களில் மை அறுந்துபோவதற்குக் காரணம். வெந்நீர் வேண்டாம்.

கடைசல்பட்டறை:
இருவரும் வெளிநாட்டுப் பேனாக்களைப் பற்றியே பேசுகிறீர்கள். திருவள்ளூரில் இன்றும் ரங்கா பேனாக்களுக்கு எபோனைட் என்னும் கெட்டியான ரப்பர்க் கட்டையைக் கடைசல் எந்திரத்தில் கடைகிறார்கள். ராஜமுந்திரியில் ரத்னம் பேனா சுதேசி இயக்கக் காலத்திலிருந்து தொடர்ந்து வருகிறது. கையால் கடைந்தவை 500 ரூபாய்க்குள் அமைவது அரிது என்றாலும், அதே முறையில் குழலுக்குள் நேராக மை ஊற்றும் எளிய இந்தியப் பேனாக்கள் அந்த விலைக்குள் கிடைக்கின்றன. அவற்றில் கன்வெர்ட்டர் இல்லை, ரப்பர்ப் பை இல்லை, ஆகவே கெடுவதற்கும் ஒன்றுமில்லை. நிப்பின் அடியிலுள்ள நாக்கு எபோனைட்டாக இருந்தால் மை அதில் நன்றாகப் பற்றி நிற்கும். பிளாஸ்டிக் நாக்கில் தொடக்கத்தில் மை வழுக்கிப்போகும். ஒருமுறை நிரப்பினால் இரண்டு மூன்று மில்லி மை பிடிக்கும். நாள்தோறும் மூன்று மணி நேரம் எழுதுபவருக்கு இதுவே ஏற்றது.

பாரிமுனை:
ஆசிரியர் அம்மாவின் தாவணியைப் பாழாக்கியது அந்த வகைப் பேனாவாகத்தான் இருந்திருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் அவை மை கக்காமல் இருக்குமா?

கடைசல்பட்டறை:
வெயிலைக் குற்றம் சொல்லாதீர்கள். மை கக்குவதற்குக் காரணம் குழலுக்குள் இருக்கும் காற்று திடீரெனச் சூடேறுவது. 2 மில்லி காற்று 10 பாகை சூடேறினால் ஏறக்குறைய 0.07 மில்லி விரிவடையும். அந்த அளவு மை நுனி வழியாக வெளியேறியாக வேண்டும்; அது ஒரு துளிக்கும் அதிகம். குழல் முக்கால்வாசி நிறைந்திருந்தால் உள்ளே காற்றே குறைவு. கால்வாசிக்குக் கீழே மை இறங்கிய பிறகுதான் தொல்லை தொடங்கும். நாள் முழுவதும் 35 பாகை வெப்பமுள்ள வகுப்பறையில் இருக்கும் பேனா, உள்ளங்கையில் எடுத்தால் மேற்கொண்டு அதிகம் சூடேறாது. குளிரூட்டிய அறையில் 24 பாகையில் கிடந்த பேனாவை எடுத்து இறுகப் பிடித்து எழுதினால்தான் துளி விழும். மையைப் பாதிக்கு மேல் வைத்துக்கொள்வதும், குழலும் கழுத்தும் சேரும் மரைகளில் சிலிக்கான் கிரீஸ் சிறிது தடவுவதும், பையில் நிப்பு மேல்நோக்கி இருக்கும்படி செருகுவதும் ஆகிய இம்மூன்றையும் செய்பவருக்கு அந்தத் தொல்லை வராது.

பாரிமுனை:
விளக்கத்துக்கு நன்றி, இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. ஆனாலும் என் ஐயம் தீரவில்லை. வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையே ஓடுகிற ஆசிரியர் ஒருவர், குழலில் எவ்வளவு மை இருக்கிறது என்று எபோனைட் உடலை ஊடுருவிப் பார்க்க முடியுமா? கன்வெர்ட்டருக்குள் இருக்கும் ஒரு மில்லிக்கும் குறைவான காற்று விரிந்தாலும், நாக்கின் மடிப்புகளே அந்த மையைத் தாங்கிக்கொள்ளும். கவனிக்க நேரமில்லாதவருக்குக் கன்வெர்ட்டரே பாதுகாப்பு. மூடியின் தரத்தையும் யாரும் பேசவில்லை. பிளாட்டினம் என்னும் ஜப்பானிய நிறுவனத்தின் பிரெப்பி பேனாவில், மூடிக்குள் ஸ்பிரிங்கோடு கூடிய உள்மூடி ஒன்று நிப்பை இறுக்கமாக அடைக்கிறது. கோடை விடுமுறை முழுவதும் எழுதாமல் விட்டாலும் அதில் மை காய்வதில்லை. நல்ல நிறுவனம் என்று நான் சொல்வது இதனால்தான்.

மைக்கூடு:
நீங்கள் சொல்லும் பிரெப்பியே மலிவுப் பேனாதானே! நான் வாங்கியபோது அது 500 ரூபாய்க்குள் இருந்தது. ஆகவே நம் இருவருக்கும் இடையே விலையைப் பற்றிய சண்டையே இல்லை. எந்த மலிவுப் பேனா என்பதுதான் கேள்வி.

பாரிமுனை:
ஏற்றுக்கொள்கிறேன். 'மலிவு வேண்டாம்' என்று நான் பொதுவாகச் சொன்னது தவறு. 'சரிபார்க்கப்படாத மலிவு வேண்டாம்' என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பிரெப்பியை வாங்குபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதற்கு அந்த நிறுவனத்தின் சொந்தக் கார்ட்ரிட்ஜும் (மை அடைத்து விற்கும் சிறு குழாய்) கன்வெர்ட்டரும்தான் பொருந்தும். கன்வெர்ட்டரைத் தனியாக வாங்கினால் அதன் விலை பேனாவின் விலையையே எட்டிவிடுகிறது. ஜின்ஹாவ் போன்ற சீனப் பேனாக்களில் கன்வெர்ட்டர் பேனாவுடனேயே வருகிறது என்பதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்.

மூன்றுசுழி:
இவ்வளவு நேரமாக யாரும் தமிழ் எழுத்தைப் பற்றிப் பேசவில்லையே! ஆசிரியர் அம்மா எழுதப்போவது தமிழ். நம் எழுத்துகளில் சுழிகள் அதிகம். மீடியம் நிப்பில், பள்ளி ஏட்டுத் தாளில், சிறிய கையெழுத்தில் 'ண' எழுதிப் பாருங்கள். மை ஊறி உட்சுழி அடைபட்டு, மூன்று சுழி இரண்டு சுழியாகத் தெரியும். 'மணம்' 'மனம்' ஆகிவிடும். ஐகாரக் கொம்பின் இரண்டு வளையங்களும் இரண்டு கரும்பொட்டுகளாகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளி, நிப்பு ஒரு நொடி அதிகமாகத் தங்கினாலே கடுகளவு வீங்கும். ஆங்கிலம் எழுதுபவர்கள் பரிந்துரைக்கும் அகல நிப்பு நமக்குப் பொருந்தாது. ஃபைன் நிப்பு வேண்டும். ஜப்பானிய ஃபைன், ஐரோப்பிய ஃபைனைவிட மெல்லியது. பிரெப்பியில் 03 என்று எழுதியிருப்பது ஃபைன். அதற்கும் மெல்லியது 02.

தாளும் முக்கியம். கனமான தாள் நல்ல தாள் என்று கடைக்காரர் சொல்வார். மை ஊறுவதைத் தடுப்பது கனம் அன்று, தாள் செய்யும்போது சேர்க்கும் பசைப்பதம். கடையில் நாலைந்து நோட்டுகளின் கடைசிப் பக்கத்தில் ஒரு 'ண'வும் ஒரு 'க்'கும் எழுத அனுமதி கேளுங்கள். ஓரத்தில் மயிர்க்கால் போல மை பரவாத நோட்டை வாங்குங்கள்.

இடக்கைப்பழக்கம்:
நான் இடக்கையால் எழுதுபவள். வலக்கையினர் நிப்பை இழுத்து எழுதுகிறார்கள். நாங்கள் தள்ளி எழுதுகிறோம், எழுதிய ஈரத்தின் மேலேயே கையும் நகர்கிறது. இந்த விவாதத்தைப் படித்து வாங்க நினைக்கும் இடக்கையினர் இருந்தால், வரிக்குக் கீழே கையை வைத்து எழுதப் பழகாதவரை ஒரு ரூபாய்கூடச் செலவிடாதீர்கள். பழகிய பிறகு எனக்கு ஜப்பானிய ஃபைன் நிப்பும் விரைவில் காயும் மையும் ஒத்துவந்தன.

வைகைக்கரை:
இத்தனை பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. நான் வலக்கைதான். இன்னும் இரண்டு கேள்விகள். வருகைப் பதிவேட்டில் இந்த மையால் எழுதலாமா? கட்டுரை ஏடுகளைத் திருத்தச் சிவப்பு மை ஊற்றிய பேனா ஒன்றும் வாங்கலாமா?

மைக்கூடு:
பதிவேட்டுக்கு ராயல் புளூ கூடாது. நீரில் கரையும் சாய மை அது. தண்ணீர்ப் புட்டி சாய்ந்தால் ஒரு மாத வருகை போய்விடும், வெளிச்சத்திலும் வெளுக்கும். புட்டியின் மேல் 'பெர்மனென்ட்' என்று எழுதியிருந்தாலும் நம்பிவிடாதீர்கள். ஒரு வரி எழுதி, ஒரு நாள் காயவிட்டு, குழாய்த் தண்ணீரில் காட்டிப் பாருங்கள். ஓவியர்கள் பயன்படுத்தும் இந்தியன் இங்க் கறுப்பாக நிலைத்து நிற்கும் என்று அதை ஊற்றிவிடாதீர்கள். அதிலுள்ள அரக்குப் பசை நாக்கின் மெல்லிய வழிகளில் காய்ந்து அடைத்துவிடும், பிறகு எத்தனை முறை கழுவினாலும் திறக்காது. சிவப்பு மையைத் தாராளமாக வாங்கலாம்.

பாரிமுனை:
சிவப்பு வேண்டாம் என்பது என் கருத்து. நாற்பது மாணவர்களின் ஏடும் நாற்பது விதமான தாள். அவற்றில் எது ஊறும், எது ஊறாது என்று நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. ஒரு பிள்ளையின் ஏட்டில் திருத்தம் பின்பக்கம்வரை ஊறினால், அடுத்த பக்கத்தில் அந்தப் பிள்ளை எழுதியது பாழாகும். அது நம்முடைய ஏடு அன்று.

வைகைக்கரை:
ஆறு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். பிரெப்பி 03 வாங்கினேன். கன்வெர்ட்டர் வாங்கவில்லை, கடைசல்பட்டறை அவர்கள் சொன்னபடி மரையில் சிலிக்கான் கிரீஸ் தடவி, குழலுக்குள்ளேயே மை ஊற்றிக்கொள்கிறேன். உடல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் என்பதால் மையின் மட்டம் கண்ணுக்குத் தெரிகிறது. பாதிக்கு வந்தவுடன் நிரப்பிவிடுகிறேன். ஒருமுறை, தலைமையாசிரியரின் குளிரூட்டிய அறையில் கூட்டக் குறிப்பு எழுதியபோது மட்டும் ஒரு துளி விழுந்தது. அன்று மை கால்வாசிக்கும் கீழே இருந்தது.

முதல் வாரம் பழைய பழக்கத்தில் அழுத்தி எழுதி நிப்பின் பற்களை விரித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஆள்காட்டி விரலைப் பேனாவின் மேல் வெறுமனே வைத்து எழுதப் பழகினேன். வலி முழுவதும் போகவில்லை. ஆனால் மாலையில் தேநீர்க் குவளையைப் பிடிக்கும்போது முன்போல் சுரீரென்று இழுப்பதில்லை. பாடக்குறிப்புகளை எல்லாம் இதனால்தான் எழுதுகிறேன். பதிவேட்டுக்குப் பழைய பால்பாயிண்டையே வைத்துக்கொண்டேன். சிவப்பு மைப்பேனாவை வாங்கவில்லை. பாரிமுனை அவர்கள் பிள்ளைகளின் ஏட்டைப் பற்றிச் சொன்னது சரியென்று பட்டது. என் குறிப்பேட்டில் 'ண'கரங்களுக்கு மூன்று சுழியும் தெளிவாகத் தெரிகின்றன.

கடைசல்பட்டறை:
மகிழ்ச்சி, அம்மா. மாதம் ஒருமுறை மை தீர்ந்ததும் வெறுந்தண்ணீரில் அலசி, நிப்பைக் கீழ்நோக்கி ஒரு துணியில் ஓர் இரவு நிறுத்தி வையுங்கள். வேறு நிற மைக்கு மாறுவதானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்; இரண்டு மைகள் உள்ளே கலந்தால் சில வேளைகளில் வண்டல் கட்டும்.